நடந்தால் வலிக்கும், நின்றால் விடும்

1831-ஆம் ஆண்டு பாரிஸில் ழான் பூலே என்ற கால்நடை மருத்துவர் ஒரு வண்டிக் குதிரையைப் பற்றி எழுதிவைத்தார். லாயத்தில் நிற்கும்போது அந்தக் குதிரைக்கு ஒரு குறையும் தெரியாது. வண்டியில் பூட்டிக் கொஞ்ச தூரம் ஓட்டினால் பின்னங்கால் நொண்ட ஆரம்பிக்கும். நிறுத்தி இளைப்பாற விட்டால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். மறுபடி ஓட்டினால் மறுபடி நொண்டும். கடைசியில் உடலை அறுத்துப் பார்த்தபோதுதான் காரணம் கிடைத்தது. பின்னங்கால்களுக்கு ரத்தம் கொண்டுபோகும் தொடைத் தமனிகள் அடைத்துக் கிடந்தன.

பின்னாளில் நரம்பியலின் முன்னோடி என்று உலகம் கொண்டாடிய ஷார்கோ, அதே பாரிஸில் இளம் மருத்துவராக இருந்தபோது ஒரு முன்னாள் போர்வீரரைப் பார்த்தார். அல்ஜீரியப் போரில் குண்டடி பட்டவர் அவர். உட்கார்ந்திருக்கும்வரை சுகம். கால் மணி நேரம் நடந்தால் ஒரு கால் மரத்து, இறுகி, மேலே ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. சற்று நின்றால் விட்டுவிடும். ஷார்கோவுக்குக் குதிரைகளின் அந்த நோய் தெரிந்திருந்தது. போர்வீரர் இறந்தபின் பார்த்தால், பழைய குண்டு இடுப்புத் தமனிக்கு அருகிலேயே தங்கி, அந்தக் குழாயை வீங்கவைத்து அடைத்திருந்தது. 1858-இல் பாரிஸ் உயிரியல் சங்கத்தில் குதிரையையும் மனிதனையும் சேர்த்தே வைத்து ஷார்கோ இதை விளக்கினார்.

இன்று உலகில் 20 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இருக்கும் கால் தமனி அடைப்பு நோயின் தனி அடையாளம் இந்தக் கணக்குதான். நடந்தால் வலிக்கும், நின்றால் விடும். பஸ் ஸ்டாப்பில் இறங்கி வீட்டுக்கு நடக்கும் பெரியவர் ஒருவர் பாதி வழியில் கடைவாசலில் நின்று நாளிதழ் போஸ்டரைப் படிக்கிறார். இரண்டு நிமிடம் கழித்து நடக்கிறார். அதே தூரத்தில் மறுபடி ஏதோ ஒரு கடையில் நிற்கிறார். அவர் போஸ்டர் படிக்கவில்லை. கெண்டைக்கால் இறுகிப் பிடிக்கிறது, அதை யாரும் கவனிக்கக் கூடாது என்று பார்க்கிறார். வீட்டில் கேட்டால் வயசாச்சு என்பார். வயதானால் எல்லோருக்கும் வருவதல்ல இது. தமனியின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து, பாதை குறுகி வருவதன் அறிகுறி.

ஓய்வில் இருக்கும் கெண்டைக்கால் தசைக்கு ரத்தம் மிகக் கொஞ்சம் போதும். 100 கிராம் தசைக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிலிட்டர். வேகமாக நடந்தால், மேடேறினால், இந்தத் தேவை பத்து மடங்குக்கும் மேலே எகிறும். குறுகிய குழாய் முதல் அளவைச் சிரமமில்லாமல் கொடுத்துவிடும். இரண்டாவது அளவைக் கொடுக்க அதனால் முடியாது. ஆக்சிஜன் போதாமல் உழைக்கும் தசையில் கழிவுகள் தேங்கி, வலி எடுக்கிறது. நின்றதும் தேவை குறைகிறது, வலியும் அடங்குகிறது. தமனியின் அகலம் பாதியாகக் குறையும்வரை பெரும்பாலும் எதுவுமே தெரியாமலிருப்பதும் இதனால்தான். காவிரியில் தண்ணீர் குறையும்போது கல்லணைப் பக்கம் பயிர் பச்சையாக இருக்க, கடைமடையில் முதலில் வாடுவதைப் பார்க்கிறோம். உடலுக்குக் கடைமடை கால் விரல்கள்.

வலி எடுக்கும் இடத்தை வைத்தே அடைப்பு எங்கே என்று அனுபவமுள்ள மருத்துவர் ஓரளவு சொல்லிவிடுவார். தொப்புள் மட்டத்தில் பெருந்தமனி இரண்டாகப் பிரிந்து இடுப்பு, தொடை, முழங்காலின் பின்புறம் வழியாக இறங்கி, கீழே மூன்று கிளைகளாகப் பாதத்துக்குப் போகிறது. தொடையில் அடைத்தால் கெண்டைக்கால் வலிக்கும். இடுப்பு மட்டத்தில் அடைத்தால் பிட்டமும் தொடையும் வலிக்கும். ஆண்களுக்கு ஆண்மைக் குறைவும் சேர்ந்து வரலாம். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைப்பவர்கள், மருத்துவருக்குக் கிடைக்க வேண்டிய முக்கியமான துப்பு ஒன்றை மறைக்கிறார்கள்.

நம் ஊரில் கால்வலி என்றால் முதலில் மூட்டு, அடுத்து நரம்பு, அதற்கடுத்து முதுகெலும்பு என்றுதான் யோசனை போகும். வேறுபடுத்துவது அவ்வளவு கஷ்டமில்லை. மூட்டுத் தேய்மான வலி எழுந்து முதல் அடி வைக்கும்போதே இருக்கும். முதுகெலும்புக் கால்வாய் குறுகியவருக்கு நின்றால் மட்டும் வலி விடாது. உட்கார வேண்டும், முன்னால் குனிய வேண்டும். தமனி அடைப்பு வலி நின்றபடியே சில நிமிடங்களில் அடங்கும், அதே தூரத்தில் மறுபடி வரும். புடைத்து நெளியும் நரம்புச் சுருட்டல் முற்றிலும் வேறு நோய். அது ரத்தத்தைத் திரும்ப எடுத்துச் செல்லும் சிரைகளின் கோளாறு. அதற்கென்று விற்கும் இறுக்கமான காலுறையைத் தமனி அடைப்பு உள்ளவர் பரிசோதனை இல்லாமல் வாங்கிப் போட்டால், ஏற்கெனவே குறைவாக வரும் ரத்தத்தையும் நெரித்துவிடும். வெந்நீர் ஒத்தடமும் அப்படித்தான். நல்ல காலுக்குச் சுகம் தரும் சூடு, ரத்த ஓட்டம் குறைந்து உணர்வும் மங்கிய காலில் கொப்புளமாகி, ஆறாத புண்ணில் கொண்டுபோய் விடும்.

இந்த நோயில் எனக்குப் பெரிய வியப்பைத் தருவது அடைப்பு அல்ல, அடைப்புக்குக் கால் தரும் பதில். அதற்குப் பாரிஸிலிருந்து லண்டனுக்கும், 1785-ஆம் ஆண்டுக்கும் போக வேண்டும். ஜான் ஹன்டர் அங்கே பெயர்பெற்ற அறுவை மருத்துவர். அரச பூங்காவில் வளர்ந்த ஒரு கலைமானின் கழுத்தில், கொம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியை ஒரு பக்கம் மட்டும் அவர் கட்டிவிட்டதாகச் சொல்வார்கள். மான் கொம்பு வளரும் பருவத்தில் மெத்தென்ற தோல் மூடி, தொட்டால் சூடாக இருக்கும். கட்டியதும் அந்தப் பக்கக் கொம்பு சில்லிட்டது. அது காய்ந்து உதிரும் என்று எதிர்பார்த்தவருக்கு ஆச்சரியம். சில நாட்களில் கொம்பில் மறுபடி சூடு வந்தது, அது தொடர்ந்து வளர்ந்தது. கட்டிய இடத்தில் அடைப்பு அப்படியே இருந்தது. சுற்றிலும் இருந்த சிறு தமனிகள் பெருத்து வேலையை ஏற்றிருந்தன.

அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஹன்டர் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் ஒரு வண்டியோட்டிக்கு அறுவை செய்தார். முழங்காலின் பின்புறத் தமனி பலூன்போல வீங்கி, எப்போது வெடிக்குமோ என்ற நிலை. அக்காலத்தில் இதற்குக் காலை வெட்டுவதே வழக்கம். ஹன்டர் தொடையின் நடுவில் தமனியைக் கட்டிவிட்டுக் காத்திருந்தார். கால் பிழைத்தது, மனிதர் நடந்து வீட்டுக்குப் போனார். தமனி தொடையில் ஓடும் அந்தக் குறுகிய பாதையை மருத்துவ மாணவர்கள் இன்றும் ஹன்டர் கால்வாய் என்றே படிக்கிறார்கள்.

சிறு தமனிகள் பெருப்பது எப்படி? ஜெர்மனியில் பாட் நௌஹைம் நகரின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் வுல்ஃப்காங் ஷாப்பரும் அவரது குழுவினரும் இதற்குப் பல்லாண்டுகள் செலவிட்டார்கள். பெருந்தமனி அடைத்ததும் அடைப்புக்கு மேலே அழுத்தம் கூடுதலாகவும் கீழே குறைவாகவும் ஆகிறது. அந்த வித்தியாசம், பிறவியிலிருந்தே சும்மா கிடந்த மெல்லிய இணைப்புக் குழாய்கள் வழியாக ரத்தத்தைத் தள்ளுகிறது. வேகமாக ஓடும் ரத்தம் குழாயின் உட்சுவர்ச் செல்களை உராய்கிறது. உராய்வை உணர்ந்த செல்கள் வெள்ளையணுக்களை அழைக்கின்றன. அவை சுவரைக் கரைத்து, அகலமாக்கி, தடிமனாக்கிக் கட்டுகின்றன. வாரக் கணக்கில் நடக்கும் வேலை இது. பிரெஞ்சுக்காரர் புவாஸெய் 19-ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்த விதி இங்கே கைகொடுக்கிறது. குழாயில் ஓடும் திரவத்தின் அளவு அதன் அகலத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. அகலம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒன்றாகும். அதே விதிப்படி ஒரு சிறு குழாயின் அகலம் இரண்டு மடங்கானால் ஓட்டம் பதினாறு மடங்காகும். நம்மைக் கெடுக்கும் கணக்கே நமக்கு உதவவும் செய்கிறது.

அந்த உராய்வை உண்டாக்குவதற்கு நடையைவிட நல்ல வழி இல்லை. வலிக்கிறதே, நடக்காமல் இருந்தால் நல்லது என்று நினைப்பது இயல்பு. அந்த நினைப்புதான் நோயாளியை நாற்காலியோடு கட்டிப்போடுகிறது. 1966-இல் கோபன்ஹேகனைச் சேர்ந்த லார்சனும் லாசனும் லான்செட் இதழில் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்குத் தினமும் நடைப்பயிற்சி, இன்னொரு குழுவுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. நடந்தவர்கள் முன்னைவிட நெடுந்தூரம் போனார்கள். மாத்திரை தின்றவர்களிடம் மாற்றமில்லை. அதற்குப் பின் வந்த எத்தனையோ ஆய்வுகள் அதையே உறுதி செய்திருக்கின்றன.

நடைக்கு ஒரு முறை உண்டு. சமதரையில், சில நிமிடங்களில் வலி எடுக்கும் அளவுக்கு வேகமாக நடக்க வேண்டும். வலி வந்ததும் நின்றுவிடாமல், நடுத்தர வலியாகும்வரை தொடர வேண்டும். பிறகு நின்றோ உட்கார்ந்தோ வலி முழுவதும் அடங்கவிட்டு மறுபடி நடக்க வேண்டும். ஓய்வையும் சேர்த்து 30 முதல் 45 நிமிடம், வாரத்தில் குறைந்தது மூன்று நாள், குறைந்தது 12 வாரம். மருத்துவரிடம் இதயத்தைக் காட்டிவிட்டு ஆரம்பிக்க வேண்டும். காலில் புண் இருந்தாலும், ஓய்விலேயே வலித்தாலும் இது பொருந்தாது. மூன்று மாதத்தில் வலியில்லாமல் நடக்கும் தூரம் இரண்டு மடங்காவது பலரிடம் காணப்படுவது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இந்த முன்னேற்றம் முழுவதும் புதுப் பாதைகளால் வருவதில்லை. கணுக்கால் ரத்த அழுத்தத்தை அளந்தால் பெரிய மாற்றம் தெரியாது. கிடைக்கும் கொஞ்ச ஆக்சிஜனைச் சிக்கனமாகப் பயன்படுத்தத் தசை கற்றுக்கொள்கிறது. குழாய்களின் உட்சுவர் நெகிழ்ந்து விரியும் திறனும் கூடுகிறது.

2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இடுப்புத் தமனி அடைத்த 111 பேரை எடுத்துக்கொண்டது. ஆறு மாத முடிவில் டிரெட்மில்லில் நடக்க முடிந்த நேரம், மருந்து மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறக்குறைய 1.2 நிமிடமும், ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு 3.7 நிமிடமும், மேற்பார்வையில் நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு 5.8 நிமிடமும் கூடியிருந்தது. அன்றாட வாழ்க்கை எளிதானதாகச் சொன்னவர்களில் ஸ்டென்ட் குழுவினர் முன்னே நின்றார்கள் என்பதும் உண்மை. ஆனாலும், நம் மருத்துவமனைகளில் ஸ்டென்ட் வைக்க எத்தனை ஏற்பாடுகள் இருக்கின்றன, நடக்கக் கற்றுக்கொடுக்க என்ன ஏற்பாடு இருக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

நடை மருந்தென்றால் புகையிலை நஞ்சு. இதயத்தைவிடவும் கால் தமனிகளைத்தான் புகை கடுமையாகத் தாக்குகிறது. நிகோட்டின் குழாயைச் சுருக்குகிறது. கார்பன் மோனாக்ஸைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உட்சுவர் புண்பட்டு அங்கே ரத்தம் உறைகிறது. அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துவிடும் பீடி, குடிப்பவரை மேலும் மேலும் இழுக்க வைக்கிறது. கொழுப்புப் படிவமே இல்லாமல், நாற்பது வயதைக்கூடத் தொடாத பீடிக்காரர்களின் விரல்கள் கறுத்து உதிர்வதும் உண்டு. 1908-இல் நியூயார்க்கில் லியோ பியூர்கர் விரிவாக விவரித்த இந்த நோய் மேலை நாடுகளில் அரிதாகிவிட்டது. இந்தியாவில் இன்னும் அப்படி ஆகவில்லை. இதற்கு உறுதியான மருந்து ஒன்றுதான்: புகையிலையை எந்த வடிவிலும் தொடாமல் விடுவது. குறைத்துக்கொள்கிறேன் என்பது போதாது. நாளுக்கு ஒன்றிரண்டு போதும், நோய் தொடர்ந்து எரிய. அடியோடு விட்டவர்கள் பெரும்பாலும் காலைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள்.

இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் ஓயாமல் புகைத்தவர். 1948-இல் அவருக்குக் காலில் வலியும் மரப்பும் வந்தன. வலது காலை எடுக்க நேரலாம் என்ற அச்சத்தில், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பயணம் தள்ளிவைக்கப்பட்டது. 1949 மார்ச்சில் பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே ஜேம்ஸ் லியர்மன்த் அறுவை செய்து, தமனிகளைச் சுருக்கும் நரம்புகளை வெட்டினார். கால் தப்பியது. இரண்டு ஆண்டில் புற்றுநோயால் ஒரு நுரையீரல் போனது. 1952 பிப்ரவரியில், 56 வயதில், தூக்கத்திலேயே இதயத் தமனி அடைத்து மன்னர் இறந்தார். காலில் தொடங்கி மார்பில் முடிந்த இந்த வரிசை கால் தமனி நோயாளிகளிடம் மிகச் சாதாரணம். நடந்தால் வலி என்ற கட்டத்தில் இருப்பவர்களில் காலை இழப்பவர்கள் மிகச் சிலர். மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் போகிறவர்களே அதிகம். ஆறு லிட்டருக்கும் குறைவான ஒரே ரத்தம்தான் எல்லா இடத்திலும் ஓடுகிறது. காலில் படிந்தது இதயத்திலும் மூளையிலும் படிந்திருக்கும்.

சர்க்கரை நோயாளிகளின் கதை வேறு, அதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. சென்னையில் தி.நகரிலும் திருமங்கலத்திலும் நடந்து 2000-இல் வெளியான ஆய்வு, சர்க்கரை இல்லாதவர்களில் 2.7 சதவீதத்தினருக்கும் சர்க்கரை உள்ளவர்களில் 6.3 சதவீதத்தினருக்கும் இந்த நோய் இருப்பதைக் காட்டியது. எண்ணிக்கை இரண்டு மடங்கு என்பதோடு விஷயம் முடியவில்லை. நெடுநாள் சர்க்கரை பாதத்தின் உணர்வு நரம்புகளையும் மழுங்கடித்துவிடுகிறது. நடந்தால் வலிக்க வேண்டிய கால் வலிப்பதில்லை. செருப்பைத் துளைத்து ஏறிய ஆணியோடு நாள் முழுக்க நடந்துவிட்டு, இரவில் ரத்தக் கறையைப் பார்த்துத் திடுக்கிடுபவர்கள் இருக்கிறார்கள். ரத்தம் குறைந்ததால் புண் ஆறாது. உணர்வு இல்லாததால் புண் தெரியாது.

வலி இல்லாமை எவ்வளவு பெரிய ஆபத்து என்று உலகுக்குக் காட்டியவர் நம் மண்ணில் பிறந்தவர். பால் பிராண்ட் 1914-இல் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தார். 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சேர்ந்து, தொழுநோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்தார். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று அதுவரை மருத்துவர்களும் நம்பினார்கள். உணர்விழந்த கைகால்களில் படும் சிறு சிறு காயங்களே, கவனிக்கப்படாமல் பெருகி, விரல்களைத் தின்கின்றன என்று பிராண்ட் நிரூபித்தார். இரவில் உறங்கும்போது எலி கடிப்பதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை என்று கண்டு, பூனை வளர்க்கச் சொன்னார். பின்னர் அமெரிக்காவில் கார்வில் மருத்துவமனைக்குப் போனவர், அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்குக் கொண்டுசென்றார். தொழுநோயாளிகளுக்காகப் பரவிய மிருதுவான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பைத்தான் இன்று நம் ஊர் சர்க்கரை மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். வாங்குபவர்கள் குதிகாலைப் பிடிக்கும் பின்வார் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். உணர்வில்லாத காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது.

சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தின் கருங்கல்லில் வெறுங்காலோடு சுற்றும் சர்க்கரை நோயாளிக்குப் பாதம் வெந்துபோவது நம் மருத்துவர்கள் ஆண்டுதோறும் பார்க்கும் காட்சி. சுற்றுவதை அதிகாலைக்கோ இரவுக்கோ மாற்றிக்கொள்வதில் பக்தி குறையப் போவதில்லை. கால் ஆணியை பிளேடால் சீவுவதும், புண்ணில் மஞ்சளைக் குழைத்து அப்பிவிட்டு வாரக் கணக்கில் காத்திருப்பதும் நிற்க வேண்டும். தினமும் இரவில் பாதத்தின் அடியையும் விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் கீழே ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், அல்லது பேரப்பிள்ளையைக் கூப்பிடலாம்.

நோய் முற்றினால் ஓய்விலும் வலிக்கும், குறிப்பாக இரவில். படுத்தால் பாதத்துக்கு இறங்க ரத்தத்துக்குப் புவியீர்ப்பின் துணை இல்லை. தூங்கிய சற்று நேரத்தில் விரல்களும் முன்பாதமும் எரிந்து எழுப்பிவிடும். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் கொஞ்சம் தணியும். அதனால் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிவிடுகிறார்கள். அப்படித் தொங்கவிட்ட கால் கருஞ்சிவப்பாகவும், தூக்கிப் பிடித்தால் காகிதமாய் வெளுத்தும் போகும். இந்த அடையாளத்தைக் கண்டால் ஒத்திப்போடக் கூடாது. இந்தக் கட்டத்துக்கு வந்தபின் ரத்த ஓட்டத்தைச் சீர்செய்யாவிட்டால் ஓராண்டுக்குள் காலையோ உயிரையோ இழக்கும் ஆபத்து மிகப் பெரிது.

இவ்வளவையும் முன்கூட்டியே சொல்லிவிடும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. 1950-இல் டிராவிஸ் வின்சர் எடுத்துக்காட்டியது. ஊசி இல்லை, கதிர் இல்லை, வலி இல்லை. பத்து நிமிடம் படுக்க வைத்துவிட்டு முதலில் இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். பிறகு கணுக்காலுக்கு மேலே அதே பட்டையைச் சுற்றி, பாதத்தில் குளிர்ந்த ஜெல் தடவி, கைக்கடக்கமான டாப்ளர் கருவியை வைப்பார்கள். உஷ், உஷ் என்று தமனி பேசுவது அறை முழுக்கக் கேட்கும். பட்டையில் காற்றேற்றினால் சத்தம் நிற்கும். மெல்ல இறக்கினால் ஓர் எண்ணில் மறுபடி எழும். அதுதான் கணுக்கால் அழுத்தம். படுத்திருக்கும் நல்ல உடம்பில் கணுக்கால் அழுத்தம் கைக்குச் சமமாகவோ சற்று அதிகமாகவோ இருக்கும். கையில் 140, கணுக்காலில் 84 என்றால் விகிதம் 0.6. அது 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நோய் இருக்கிறது என்று பொருள். அப்படிக் குறைந்தவர்கள் பத்தாண்டில் இதய நோயால் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகியிருப்பதால் பட்டை அதை நசுக்க முடியாமல் 1.4-க்கு மேல் காட்டும். அதை நல்ல எண் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்களுக்குக் கட்டைவிரலில் சிறிய பட்டையால் அளக்க வேண்டும். 65 வயதைக் கடந்தவர்களும், 50 வயதில் சர்க்கரையோ புகைப் பழக்கமோ உள்ளவர்களும் இதை ஒருமுறை செய்துகொள்வது நல்லது.

மருந்துகளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. கொழுப்பு அளவு சாதாரணமாக இருந்தாலும் ஸ்டாட்டின் தருவார்கள். அது இதயத்துக்கும் சேர்த்துக் காப்பு. ரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமலிருக்க ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ. சிலோஸ்டசால் என்ற மாத்திரை நடக்கும் தூரத்தைக் கூட்டும். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும். வலி விட்டுவிட்டது என்று இவற்றை நிறுத்துவது பெரிய தவறு.

இவையெல்லாம் போதாத காலுக்கு வழி திறக்கும் வித்தைகள் இருக்கின்றன. 1948-இல் பாரிஸில் ழான் குன்லான், நோயாளியின் காலிலிருந்தே ஒரு சிரையை எடுத்து, அடைப்புக்கு மேலும் கீழும் தைத்து ரத்தத்துக்கு மாற்றுவழி போட்டார். சிரைக்குள் ஒருவழிக் கதவுகள் உண்டு என்பதால் அதைத் தலைகீழாகத் திருப்பித் தைத்தார். இன்று கால் பைபாஸ் என்று நாம் சொல்வது அதுதான். 1964 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டில் 82 வயது மூதாட்டி ஒருவர், விரல்கள் கறுத்துப் புண் ஆறாத நிலையில், காலை வெட்டச் சம்மதிக்க மறுத்தார். எக்ஸ்ரே மருத்துவரான சார்லஸ் டாட்டர் தொடைத் தமனி வழியாக ஒரு மெல்லிய கம்பியை அடைப்புக்குள் நுழைத்து, அதன் மேலேயே படிப்படியாகப் பெரிய குழாய்களைச் செலுத்தி வழியை விரித்தார். கத்தியே வைக்கவில்லை. சில்லிட்டுக் கிடந்த பாதம் சூடானது, புண் ஆறியது, அந்தப் பாட்டி தம் இரண்டு காலிலேயே மேலும் சில ஆண்டுகள் நடந்தார். டாட்டரைக் கிறுக்கர் என்று அமெரிக்க மருத்துவ உலகம் ஒதுக்கியது. அவர் வழியில் வந்த சூரிச்சின் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் 1974-இல் கால் தமனியில் பலூனைப் பயன்படுத்தினார், 1977-இல் இதயத்துக்கும் கொண்டுபோனார். ஊருக்கு ஊர் நடக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி, ஒரு மூதாட்டியின் காலில் தொடங்கியது.

மெதுவாக வளரும் அடைப்புக்குக் கால் தன்னைத் தயார் செய்துகொள்ளும். திடீரென்று வரும் அடைப்புக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்திலிருந்து கிளம்பிய ரத்தக்கட்டி கால் தமனியில் சிக்கினால், கால் உடனே வலித்து, வெளுத்து, சில்லிட்டு, மரத்து, அசைக்க முடியாமல் போகும். ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான் தசைக்குக் கெடு. எண்ணெய் தேய்த்து நீவிவிட்டுக் காலை வரை பார்க்கலாம் என்று காத்திருந்தால் கால் போய்விடும். 1961-இல் தாமஸ் ஃபோகார்ட்டி உருவாக்கிய பலூன் குழாயால் கட்டியை இழுத்து எடுத்துவிட முடியும். நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டியதுதான் முக்கியம். ஆம்புலன்ஸைக் கூப்பிடும்போதே ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் உள்ள மருத்துவமனை எது என்று கேளுங்கள்.

வீட்டில் நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அம்மாவோ அப்பாவோ படுத்திருக்கும்போது, கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையிலான பள்ளத்திலிருந்து பாதத்தின் மேற்பகுதிக்கு விரல்களை மெல்ல நகர்த்துங்கள்; அழுத்தாமல் வைத்துப் பாருங்கள். உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னாலும் அப்படியே. இரண்டு இடத்திலும் துடிப்பு தட்டுப்பட வேண்டும். மேற்பாதத் துடிப்பு சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது, அதற்காகப் பதற வேண்டாம். இரண்டு துடிப்பும் கிடைக்காவிட்டாலோ, ஒரு பாதம் மற்றதைவிடச் சில்லென்றிருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். பல இடங்களில் செருப்பைக் கழற்றச் சொல்வதே இல்லை. அடுத்த முறை போகும்போது அவர்கள் சொல்லக் காத்திருக்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். “கால்ல துடிப்பு இருக்கான்னு பாருங்க டாக்டர்” என்று நீங்களே கேளுங்கள்.